தங்கம் வாங்கிய பீர், அடுத்த போட்டியில் வெறுங்கை: எதை நம்புவது?

வாசகர் கேள்வி, மார்ச் 2

ஒரே ஆலை, ஒரே பீர். ஒரு சர்வதேசப் போட்டியில் தங்கம் வாங்கியது. இரண்டு மாதம் கழித்து நடந்த இன்னொன்றில் வெண்கலம்கூட இல்லை. செய்முறை மாறவில்லை என்று ஆலைக்காரர்களே சொல்கிறார்கள். அப்படியானால் இந்தப் பதக்கங்களுக்கு என்னதான் பொருள்? லேபிளில் ஒட்டும் மினுமினுப்புக் காகிதம் மட்டும்தானா?

மார்ச் 2, இரவு

மினுமினுப்புக் காகிதம்தான். குலுக்கல் சீட்டு என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுதோறும் நடக்கும் வேர்ல்ட் பீர் கப் போட்டிக்கு 2022-இல் 57 நாடுகளிலிருந்து 2,493 ஆலைகள் 10,542 பீர்களை அனுப்பின. வகைகள் 103. வகைக்கு மூன்று பதக்கம் என்று வைத்துக்கொண்டால் நூறு பீருக்கு மூன்று. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் மணம் ஓங்கிய அமெரிக்க ஐபிஏ போன்ற வகைகளில் முந்நூறுக்கும் மேல் வந்து குவியும். அங்கேயும் பதக்கம் மூன்றே. முந்நூறில் குறைந்தது ஐம்பதாவது முதல்தரமாக இருக்கும். அந்த ஐம்பதில் மூன்றைப் பொறுக்குவது நாக்கின் வேலையா, அதிர்ஷ்டத்தின் வேலையா?

எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. வீட்டில் காய்ச்சுபவர்களுக்கான ஒரு போட்டிக்கு ஜெர்மன் பில்ஸ்னர் என்ற வெளிர்நிற பீர் ஒன்றை அனுப்பினேன். பெயர் வேண்டாம். ஆறு வாரம் குளிரில் கிடத்தி, கண்ணாடிபோல் தெளிந்து, நுரை வெள்ளைத் தொப்பிபோல் நின்ற பீர். 50-க்கு 24 என்று ஒருவர், 26 என்று இன்னொருவர். இருவருமே 'வெண்ணெய் வாசனை' என்று எழுதியிருந்தார்கள். எத்தனையோ முறை முகர்ந்து பார்த்துவிட்டேன், வெண்ணெயும் இல்லை, மோரும் இல்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பதே அன்றைக்கும் இன்றைக்கும் என் முடிவு.

மார்ச் 3

நேற்று கோபத்தில் எழுதியதில் ஒரு திருத்தம். வேர்ல்ட் பீர் கப் ஆரம்பத்திலிருந்தே ஆண்டுதோறும் நடப்பதுபோல் எழுதிவிட்டேன். 1996-இல் தொடங்கியபோது அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2020-இல் தொற்றுநோயால் ரத்தானது. 2022-லிருந்துதான் ஆண்டுதோறும். அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் நடத்துகிறது. பழைய லேபிளில் ஒற்றைப்படை ஆண்டு போட்ட வேர்ல்ட் பீர் கப் பதக்கத்தைக் கண்டால் சந்தேகப்படலாம்.

கேள்வி கேட்டவருக்கு நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. 'தங்கம்' என்ற சொல்லுக்கு எல்லாப் போட்டியிலும் ஒரே பொருள் கிடையாது.

ஓட்டப்பந்தயம்போல் நடப்பது ஒரு வகை. ஒவ்வொரு பீர் வகைக்கும் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். வேர்ல்ட் பீர் கப் அப்படி. ஜெர்மனியில் 2004-இல் தொடங்கிய யூரோப்பியன் பீர் ஸ்டாரும் அப்படி. பள்ளித் தேர்வுபோல் நடப்பது மற்றொரு வகை. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர் எல்லோருக்கும் தங்கம், அதற்குக் கீழே ஒரு கோட்டைத் தாண்டியவர் எல்லோருக்கும் வெள்ளி. மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய சர்வதேச பீர் விருதுகள் இந்த ரகம். பெல்ஜியத்தில் 1961-இல் தொடங்கிய மோண்ட் செலெக்ஷனும் இதுதான். அங்கே பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை, ஒவ்வொன்றும் தனியாகத் தேர்வு எழுதுகிறது.

ஆகவே தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவன் ஓட்டப்பந்தயத்தில் நாற்பதாவதாக வந்தால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். உங்கள் ஆலையின் தங்கம் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். லேபிளில் அது எழுதியிருக்காது.

மார்ச் 3, பிற்பகல்

இன்னொன்று. பந்தய ரகப் போட்டிகளிலும் தங்கம் கட்டாயம் இல்லை. எந்த பீரும் தகுதிக்கு வரவில்லை என்று நடுவர்கள் கருதினால் தங்கத்தை நிறுத்திவைத்து வெள்ளியிலிருந்து தொடங்கலாம். வெள்ளி வாங்கியவர் மேடையில் தலையை நிமிர்த்துவதா குனிவதா என்று தெரியாமல் நிற்பதை நான் சிறிய போட்டி ஒன்றில் நேரில் பார்த்திருக்கிறேன். 'முதலிடம், ஆனால் இரண்டாமிடம்.'

மார்ச் 5

லேபிள் பற்றிப் பேச்சு வந்ததால் பாப்ஸ்ட் புளூ ரிப்பன் என்ற அமெரிக்க பீரின் கதை.

1893-இல் சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதில் அமெரிக்காவின் சிறந்த பீர் என்று தேர்வாகி நீல ரிப்பன் வாங்கியதால் அந்தப் பெயர் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அங்கே நீல ரிப்பன் என்று ஒரு பரிசே கிடையாது. தங்கமும் கிடையாது. குறிப்பிட்ட தரத்தைத் தாண்டிய எல்லோருக்கும் வெண்கலப் பதக்கம், அவ்வளவுதான். நான் மேலே சொன்ன பள்ளித் தேர்வு ரகம். பாப்ஸ்டுக்கும் போட்டி ஆலையான அன்ஹாய்சர்-புஷ்ஷுக்கும் இடையில் யாருக்கு எத்தனை புள்ளி அதிகம் என்று தகராறு மூண்டு, கண்காட்சி முடிந்த பிறகும் அதன் முதலாளி புஷ் விடாமல் மல்லுக்கு நின்றார்.

ரிப்பன் எங்கிருந்து வந்தது? 1882-லிருந்தே பாப்ஸ்ட் ஆலை தன் உயர்ரகப் புட்டிகளின் கழுத்தில் நீலப் பட்டு ரிப்பனைத் தானே கட்டிவந்தது. மக்கள் 'அந்த நீல ரிப்பன் பீர்' என்று கேட்டுக் கேட்டு, 1898-இல் பெயரே அதுவாகிவிட்டது. தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொண்டு, அது பரிசாகக் கிடைத்தது என்று ஊரை நம்பவைத்த சாமர்த்தியத்துக்கு வேண்டுமானால் ஒரு தங்கம் கொடுக்கலாம்.

மார்ச் 6

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவருக்கு என் பில்ஸ்னரில் ஒரு புட்டி அனுப்பியிருப்பேன், முகவரி தெரியவில்லை.

மார்ச் 8

சரி, கூடத்தைப் பற்றியே பேசுவோம். நடுவர் மேசையில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தார்கள். நான் நடுவன் இல்லை. இரண்டு முறை பரிமாறும் உதவியாளனாக நின்றிருக்கிறேன். மதிப்பெண் பறிபோன கடுப்பில், இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று வேவு பார்க்கத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போட்டி மேசைக்கு வெளியேதான் பாதி வேலை. புட்டிகளில் லேபிள் இருக்கக் கூடாது. மூடியில் ஏதாவது அச்சிட்டிருந்தால் கறுப்பு மையால் அடித்து மறைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று தெரிந்தவர் மேசைப் பக்கம் வரக் கூடாது. தன் பீரை அனுப்பியிருக்கும் வகைக்கு எந்த நடுவரும் அமரக் கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்த ஒருவரை முகம் கைகழுவி வரும்படி திருப்பி அனுப்பினார்கள். நறுமணத் தைலம் தடவியிருந்த இன்னொருவரை ஸ்டௌட் என்ற கருநிற பீர் மேசைக்கு மாற்றினார்கள். அதில் சேரும் வறுத்த மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், எதையும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பீர். இரண்டு வாய் அளவு ஊற்றுவோம், அதற்கு மேல் இல்லை. புட்டியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்த் திறக்கச் சொல்வார்கள், முதலில் பறக்கும் வாசனை போய்விட்டால் திரும்ப வராது என்று. ஊற்றியதும் குடிப்பதில்லை. முதலில் மூக்கு, பிறகு கண், பிறகுதான் வாய். எழுதி முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை. பெருமூச்சு விட்டால்கூடத் தலைமை நடுவர் முறைப்பார், அது பக்கத்து ஆளின் கருத்தைக் கெடுக்குமாம். எழுதிய பிறகுதான் வாய் திறப்பார்கள். மதிப்பெண்கள் ஏழுக்கு மேல் விலகியிருந்தால் மீண்டும் சுவைத்து, பேசி, நெருங்கிவர வேண்டும்.

வீட்டில் காய்ச்சும் பீருக்கு, பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் தாளில் 50 மதிப்பெண்ணின் பங்கீடு: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. என் பில்ஸ்னரின் கண்ணாடித் தெளிவுக்கும் வெள்ளைத் தொப்பிக்கும் சேர்த்து மூன்றே மதிப்பெண்! ஆறு வாரம் நான் செல்லம் கொடுத்து வளர்த்தது அந்த மூன்றைத்தான்.

13-க்குக் கீழே பொதுவாக யாருக்கும் போடுவதில்லை என்பது ஒரு மரியாதை. ஒரு மூத்த நடுவர் ஏதோ ஒன்றைத் துப்பிவிட்டு, நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, '13' என்று எழுதியதைப் பார்த்தேன். குறிப்புப் பகுதியில் 'புட்டி சுத்தமாக இருந்தது' என்று எழுதினார்.

உலக அளவிலான வேர்ல்ட் பீர் கப்பில் இப்படி எண்ணால் மதிப்பெண் போட்டுக் கூட்டுவதில்லை. ஒரு மேசையில் சில பீர்களை ஒப்பிட்டுப் பேசி, சிறந்தவற்றை அடுத்த சுற்றுக்குத் தள்ளுவார்கள். சுற்றுச் சுற்றாகக் குறைந்து கடைசி மேசையில் மூன்று மிஞ்சும். முந்நூறு பீர் வரும் வகையில் ஒரு பீர் எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும் என்று யோசியுங்கள். ஒரே ஒரு மேசையில் ஒரே ஒரு சோர்வான மூக்கு போதும், கதை முடிந்தது. என் குலுக்கல் சீட்டு வாதத்தை நான் விடவில்லை.

மார்ச் 9

மேலே எழுதியதை இன்று காலை திரும்பப் படித்தேன். 'எழுதி முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை' என்று நானே எழுதியிருக்கிறேன். மார்ச் 2-இல் 'இருவரும் பேசி வைத்துக்கொண்டு எழுதினார்கள்' என்றும் நானே எழுதியிருக்கிறேன்.

இதைச் சுட்டிக்காட்ட யாரும் சிரமப்பட வேண்டாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, இரவு

'நடுவர் எதற்கு, மக்களே வாக்களிக்கட்டும்' என்றார் ஒருவர். செய்து பார்த்திருக்கிறார்கள். கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் 1982-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவர்கள் குடித்துப் பார்த்து வாக்களித்துத்தான் சிறந்த பீரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1985-இல் சந்தைக்கு வந்த சாமுவேல் ஆடம்ஸ் என்ற பீர் அதே ஆண்டு அந்த வாக்கெடுப்பில் வென்றது. அதை வைத்து விளம்பரமும் செய்தது. 1987-இல் லேபிள் மறைத்த நடுவர் குழு முறை வந்தது. கொஞ்ச காலம் இரண்டும் அருகருகே ஓடி, பிறகு வாக்கெடுப்பு நின்றுபோனது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். திருவிழாக் கூட்டத்தில் மனிதன் பீருக்கு மட்டும் வாக்களிப்பதில்லை. எந்த மேசையில் வரிசை குறைவு, யார் சிரித்த முகத்தோடு ஊற்றினார்கள், எந்தப் பெயர் ஏற்கெனவே காதில் விழுந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் கை தூக்கும். ஆறாவது குவளைக்குப் பிறகு நாக்கு எதற்கும் ஆமாம் சாமி போடும்.

யூரோப்பியன் பீர் ஸ்டாரில் ஒரு நல்ல சமரசம் இருக்கிறது. முதலில் நடுவர்கள் தங்கம் கொடுத்துவிடுவார்கள். தங்கம் வாங்கியவற்றை மட்டும் வணிகக் கண்காட்சிக்கு வருபவர்கள் சுவைத்துத் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்வார்கள். மோசமானதை வல்லுநர் வடிகட்டிவிட்டதால், மக்கள் எதைத் தேர்ந்தாலும் பழுது இல்லை.

இந்தக் கடைசி வாக்கியம் என் குலுக்கல் வாதத்துக்கு ஏதோ செய்கிறது. என்னவென்று நாளைக்கு.

மார்ச் 11

நாளைக்கு என்றேன், முடியவில்லை. அதற்குள் இங்கே விவாதம் 'நல்ல பீர் எது' என்று திசைமாறியிருக்கிறது. அதற்கும் ஒரு வார்த்தை.

போட்டி நல்ல பீரைத் தேடுவதில்லை, அந்த வகைக்கு இலக்கணமாக நிற்கும் பீரைத் தேடுகிறது. வெண்பாப் போட்டிக்கு அருமையான புதுக்கவிதையை அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். தளை தட்டுகிறது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள், அவர்கள் மீது குற்றமில்லை.

ஆனால் இலக்கணமும் மாறுகிறது. கலங்கலான ஐபிஏ பல ஆண்டுகளாகக் கடைகளில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தபோது போட்டிகளில் அதற்கு இடமே இல்லை. ஐபிஏ என்றால் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கல் குறை. 2018-இல் புரூவர்ஸ் அசோசியேஷன் தன் வகைப் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஒரே இரவில் குறை குணமாகிவிட்டது. அதே ஆண்டு கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் மிக அதிக பீர்கள் குவிந்த வகையும் அதுவே.

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் இன்டர்நேஷனல் புரூயிங் அவார்ட்ஸ் போட்டியில் நடுவர்கள் அனைவரும் ஆலையில் அன்றாடம் காய்ச்சுபவர்கள். வகையின் இலக்கணத்தை வரிவரியாகப் பார்ப்பதைவிட, 'இதை நான் காய்ச்சியிருந்தால் பெருமைப்பட்டு விற்பேனா' என்ற கண்ணோடு பார்ப்பார்கள். எனக்கு இது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது. எழுத்தாளருக்கு எழுத்தாளர் பரிசு கொடுப்பதுபோல; பொறாமை வந்தால் மதிப்பெண் அதிகம்.

மார்ச் 12

பொறாமை பற்றிய வரி நகைச்சுவை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 14

இதோ என் பக்கத்துக்குப் பெரிய சாட்சி. பீர் அல்ல, வைன். ஆனால் நாக்கு ஒன்றுதான்.

ராபர்ட் ஹாட்சன் கலிஃபோர்னியாவில் சிறிய வைன் ஆலை வைத்திருந்தவர், புள்ளியியலும் அறிந்தவர். தன் வைன் ஒரு போட்டியில் தங்கம் வாங்கி மற்றொன்றில் ஒன்றுமில்லாமல் திரும்புவது அவரையும் அரித்திருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில், நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே புட்டியிலிருந்து ஒரே வைனை மூன்று முறை ஊற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 2008-இல் முடிவு வெளியானது. மூன்று முறையும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் போட்டவர்கள் நடுவர்களில் சுமார் பத்து சதவீதம். இன்னொரு பத்து சதவீதத்தினர் அதே வைனுக்கு ஒருமுறை வெண்கலமும் மறுமுறை தங்கமும் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு 13 போட்டிகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். மூன்றுக்கும் மேற்பட்ட போட்டிகளுக்குப் போன வைன்களில், எங்கோ ஒரு தங்கம் வாங்கியவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றில் 84 சதவீதம் வேறொரு போட்டியில் வெறுங்கையுடன் திரும்பியிருந்தன. கேள்வி கேட்டவரே, உங்கள் ஆலை தனியாக இல்லை.

குலுக்கல் சீட்டு. நான் சொன்னேனா இல்லையா?

மார்ச் 15

வெற்றிக் களிப்பில் ஹாட்சனின் ஒரு வரியை நைசாகத் தாண்டிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். நடுவர்கள் தங்களுக்குப் பிடித்ததில் தடுமாறிய அளவுக்குப் பிடிக்காததில் தடுமாறவில்லை என்றும் அவர் கண்டிருக்கிறார். நல்லது எது என்பதில்தான் குழப்பம் அதிகம். கெட்டதைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள்.

மார்ச் 9-இல் 'மோசமானதை வல்லுநர் வடிகட்டிவிட்டதால்' என்று எழுதியபோது எனக்குள் உறுத்தியது இதுதான். அப்படியானால் என் 24, என் 26?

மார்ச் 20

பழைய மதிப்பெண் தாள்களைத் தேடி எடுத்தேன். ஒருவர் நீல மை, ஒருவர் கறுப்பு. நீல மைக்காரர்: 'மணத்தில் வெண்ணெய், மிதமாக.' கறுப்பு மைக்காரர்: 'முதலில் வெண்ணெய். ஹாப்ஸ் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.' அடியில், 'நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்' என்று ஒரு யோசனை. அன்றைக்கு அந்த வரியை நான் படிக்கவே இல்லை. 24-ஐப் பார்த்ததும் தாளை மடித்துவிட்டேன்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். குறையில்லாத லாகர் (பில்ஸ்னரும் இந்த இனம்தான்) ஒன்றை வாங்கி, பாதியில் வெண்ணெய் மணச் சாரம் துளியளவு கலந்தேன். மூன்று குவளை, இரண்டில் ஒன்றுபோல், ஒன்றில் வேறு. வேறு எது என்று முகர்ந்து சொல்ல வேண்டும். முக்கோணச் சோதனை என்பார்கள். கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாக வரும். பன்னிரண்டு சுற்றில் குறைந்தது எட்டு சரியாக இருந்தால்தான் மூக்கு வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். என் தம்பி குவளைகளை மாற்றி மாற்றி வைத்தான். நான் முகர்ந்தேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து.

பிறகு நான் மாற்றி வைத்தேன், அவன் முகர்ந்தான். குனியக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. "விளையாடாதீர்கள் அண்ணா, உண்மையாகவே உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டான். முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மிச்சமிருந்த என் பில்ஸ்னரில் கடைசிப் புட்டியைத் திறந்து கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குவளையை மேசையில் வைத்தான்.

"சொல்லடா."

"வெண்ணெய்தான் அண்ணா. போன வருடம் கொடுத்தபோதே நினைத்தேன். நீங்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று இருந்துவிட்டேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் விஷயத்தில் காக்கைக்கு மூக்கும் இல்லை.

மார்ச் 22

பலர் கேட்டதால் விளக்கம். அந்தப் பொருளின் பெயர் டைஅசெட்டைல். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் மெதுவாக டைஅசெட்டைலாக மாறுகிறது. நொதித்தல் முடியும் தறுவாயில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப விழுங்கி, வாசனை இல்லாத வேறொன்றாக மாற்றிவிடும். அதற்கு நேரமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் வேண்டும். பீர் தெளிய வேண்டும் என்ற அவசரத்தில் நான் சட்டென்று குளிரில் தள்ளினேன். ஈஸ்ட் தூங்கிவிட்டது, வெண்ணெய் தங்கிவிட்டது. மூன்று மதிப்பெண் தெளிவுக்காக முப்பத்திரண்டு மதிப்பெண் மணத்தையும் சுவையையும் விற்றிருக்கிறேன்.

லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு அதைப்போல் பல மடங்கு இருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு மூக்கிலும் ஏதாவது ஒரு வாசனைக்குக் கதவு பூட்டியிருக்கும்போல. நடுவர்களுக்கும் அப்படித்தான், ஒரு மேசைக்கு ஒருவரை மட்டும் உட்காரவைப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு நியாயம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மன் பில்ஸ்னரில் இந்த வாசனை துளியும் கூடாது. செக் நாட்டு லாகர் வகையில் லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தில் வகையை மாற்றி எழுதியிருந்தால் மதிப்பெண் கூடியிருக்கும் என்று எழுத நினைத்து, தம்பியிடம் கேட்டேன். "லேசாக என்றால் லேசாகத்தான் அண்ணா" என்றான்.

மார்ச் 23

மார்ச் 2-இல் எழுதிய 'பேசி வைத்துக்கொண்டு' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

குலுக்கல் சீட்டு வாதத்தில் பாதியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். குறையுள்ள பீரை நடுவர்கள் எளிதில் பிடித்துவிடுகிறார்கள். என்னுடையதைப் பிடித்தார்கள். குறையில்லாத ஐம்பதில் மூன்றைப் பொறுக்கும்போதுதான் சீட்டுக் குலுங்குகிறது. ஆகவே தங்கம் வாங்கிய பீர் நன்றாகத்தான் இருக்கும். வாங்காதது மட்டம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

உங்கள் ஆலையின் பீர் விஷயத்தில் இன்னொன்றையும் நான் இதுவரை சொல்லவில்லை. அந்த இரண்டு மாதம். ஹாப்ஸ் மணம் ஓங்கிய பீர் என்றால் இரண்டு மாதம் என்பது முதுமை. வெயிலில் நின்ற லாரி, வெப்பமான கிடங்கு, எல்லாம் சேர்ந்தால் நனைந்த அட்டையின் வாசனை எட்டிப்பார்க்கும். பச்சைப் புட்டி என்றால் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போவதும் எளிது. செய்முறை மாறவில்லை என்று ஆலைக்காரர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். பீர் மாறியிருக்கலாம். புட்டியில் அடைத்த தேதி இரண்டு போட்டிக்கும் ஒன்றா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மார்ச் 24

கேட்டுச் சொல்லிவிட்டார். இரண்டுக்கும் ஒரே நாளில் அடைத்த பெட்டியிலிருந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். ஐபிஏ. முதல் போட்டியின்போது வயது மூன்று வாரம், இரண்டாவதன்போது பதினொன்று. முதல் போட்டி பள்ளித் தேர்வு ரகம், இரண்டாவது பந்தயம். இதற்குப் பிறகும் யாராவது நடுவர்களைத் திட்ட வேண்டும் என்றால் அந்த வேலையை என்னிடம் விடுங்கள், எனக்குப் பழக்கம் இருக்கிறது.

ஜூன் 18

யாரோ இந்த இழையைத் தோண்டி எடுத்து 'அப்புறம் என்ன ஆயிற்று' என்று கேட்டிருக்கிறார்கள்.

அதே பில்ஸ்னரை மறுபடி காய்ச்சினேன். குளிரில் தள்ளுவதற்கு முன் மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு சிறு குவளையை எடுத்து, மூடி, வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறவைத்துத் தம்பியின் மூக்குக்கு நீட்டினேன். ஒளிந்திருக்கும் வெண்ணெயைச் சூடு வெளியே இழுத்துவிடும். முதல் நாள் முகத்தைச் சுளித்தான். இரண்டாம் நாள் தயங்கினான். மூன்றாம் நாள் குவளையைக் காலிசெய்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்றான்.

அதே போட்டி. 34, 36. பதக்கம் இல்லை. வெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் மட்டும் 'நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது' என்று எழுதியிருந்தார். அது மட்டும் சுத்தப் பொய். குவளையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள்.

தம்பி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நுரை நம் வீட்டிலும் அடங்கத்தான் செய்தது அண்ணா" என்கிறான்.